கேமுக்குத் தொண்டைப் பாட்டு: சுருதி பிடிப்பதில் இருந்து லூப் வெட்டுவது வரை

மாயாஜால உலகத்தில் நடக்கும் ஒரு கேமுக்கு, தொண்டைப் பாட்டும் (ஒருவர் குரலிலேயே அடிச்சுரமும் அதன்மேல் சீட்டியும் சேர்ந்து கேட்கும் பாட்டு) கையால் செய்த நாட்டுப்புறக் கருவிகளும் வைத்து முதல் முறையாக இசையமைக்கப் போகிறீர்களா? பொதுவாக நடப்பது இதுதான்: கீபோர்டில் மெட்டுப் போட்டு, கார்டு (சுர அடுக்கு) வரிசை அமைத்து, லைப்ரரி வயலின்களால் நிரப்பிவிட்டு, கடைசியில் பாடகரைக் கூப்பிட்டு “இதன்மேல் பாடுங்கள்” என்று மைக் முன்னால் நிறுத்துவது. அந்த இடத்தில்தான் வேலை மொத்தமும் கெடுகிறது. இந்தக் குரல் தன் சுருதியையும் தன் சுர வரிசையையும் கூடவே கொண்டு வரும். மற்றவைதான் வளைந்துகொடுக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றினால் செய்ததையே மறுபடி செய்ய நேரும்.

1. சுருதியைப் பூட்டுங்கள்

பாடகர் ஒரே ஓர் ஆதார சுரத்தை விடாமல் பிடிக்கிறார். அதற்குள்ளேயே அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களும் ஒலித்துக்கொண்டிருக்கும். நாக்கையும் வாயையும் அசைத்து அவற்றில் ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டும்போது நமக்குச் சீட்டி போலக் கேட்கிறது. ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) சரியாக அமைந்த தம்புராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கேட்குமே, அதே சங்கதி.

ஆக, மெட்டுக்குக் கிடைக்கும் சுரங்கள் எண்ணிக்கையில் அடங்கிவிடும். ஆதார சுரம் 146.8 ஹெர்ட்ஸ், அதாவது ‘டி’ என்று வையுங்கள். ஆறாவது மேற்சுரம், அதாவது ஆதாரத்தின் ஆறு மடங்கு, 881 ஹெர்ட்ஸ்: பஞ்சமம். எட்டாவது 1175: மேல் சட்ஜம். ஒன்பதாவது 1321: ரிஷபம். பத்தாவது 1468: அந்தர காந்தாரம். பன்னிரண்டாவது 1762: மறுபடி பஞ்சமம். நடுவில் இருக்கும் ஏழாவதையும் பதினொன்றாவதையும் துவா (ரஷ்யாவின் தென் சைபீரியாவில் உள்ள குடியரசு) பாடகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவார்கள். பதினொன்று சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறக்குறைய நட்ட நடுவில் விழுகிறது, இரண்டிலும் சேராது.

இதில் மூன்று கண்ணிகள் உண்டு.

ஒன்று, காந்தாரம். பத்தாவது மேற்சுரம் கீபோர்டில் இருக்கும் அதே சுரத்தைவிட 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவு. மேலே வயலின் பேட் ஒன்று அந்தச் சுரத்தை நீட்டிக்கொண்டிருந்தால், 1480-க்கும் 1468-க்கும் இடையே நொடிக்குப் பன்னிரண்டு தடவை அதிர்வு உரசும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது. பாடகர் சுருதி விலகுகிறார் என்றே தோன்றும். விலகியிருப்பது உங்கள் கீபோர்டு. அந்த ஒரு சுரத்தை மட்டும் எல்லா மிடி டிராக்கிலும் 14 சென்ட் இறக்குங்கள். அதைவிட நல்லது, காந்தாரத்தைக் குரலுக்கே விட்டுவிட்டு மற்றக் கருவிகளைச் சட்ஜம் பஞ்சமத்தோடு நிறுத்துவது. ரிஷபம் 4 சென்ட், பஞ்சமம் 2 சென்ட் கூடுதல், இவை உறுத்தாது.

இரண்டு, சோகம். “மைனர் ஸ்கேலில் பாடுங்கள்” என்று கேட்காதீர்கள். அந்த மேற்சுர வரிசையில் மைனருக்கு வேண்டிய சாதாரண காந்தாரமே (அந்தர காந்தாரத்துக்கு அரைச் சுரம் கீழே உள்ளது) இல்லை. வழி வேறு இருக்கிறது. பாடகர் தன் ‘டி’-யிலேயே இருக்கட்டும், நீங்கள் பேஸ் சுரத்தை அதற்குக் கீழே உள்ள ‘பி’-க்கு நகர்த்துங்கள். அதே மேற்சுரங்கள் இப்போது ச-க-ம-ப-நி ஆகிவிடும். மோகனத்தின் தைவதத்தைச் சட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி வருமே, அந்தக் கிரக பேதம்தான். பாடகர் ஒரு மயிரிழைகூட மாற்றாமல் காட்சியின் மனநிலை மாறிவிடும். பேஸை மட்டும் 16 சென்ட் இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் முன்பு சொன்ன உரசல் இங்கேயும் வரும்.

மூன்று, ஒரு பாட்டின் நடுவில் சுருதி மாறுவது. ஆதார சுரம் மாறினால் மேற்சுரங்கள் அத்தனையும் சேர்ந்து நகரும். இரண்டு சுருதி வேண்டுமென்றால் இரண்டு முறை பதிவு செய்ய வேண்டும் என்று கணக்கு வையுங்கள்.

சுருதியைத் தேர்வது உங்கள் விருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள், அது பாடகரின் தொண்டை சொல்வது. வசதியான மூன்று சுருதிகளில் தலா 20 நொடி கைபேசியில் பாடி அனுப்பச் சொல்லுங்கள். கனத்த குரலுக்கும் சீட்டிக் குரலுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்; ஒருவருக்கே இரண்டுக்கும் ஒரே சுருதி ஒத்துவராமல் போகலாம்.

2. எந்தப் பாணி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்

‘தொண்டைப் பாட்டு’ என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் வரும். துவாவில் மூன்று பெரும் பாணிகள்: ஹூமெய், சிகித், கார்கிரா. சிகித்தில் சீட்டி கூர்மையாக மேலே நிற்கும். திறந்த புல்வெளி, காற்று, தொலைவு எல்லாம் அதற்குப் பொருந்தும். கார்கிராவில் குரல்நாணுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களும் பாதி வேகத்தில் அதிரும், 146.8 பாடினால் 73.4 கேட்கும். குகை, அரக்கன், மூதாதையர் ஆவி என்றால் இதைத்தான் எல்லோரும் நாடுகிறார்கள். எசெங்கிலேர் என்று ஓர் அலங்காரம் உண்டு, குதிரை ஓடும்போது அங்கவடி ஆடும் தாளத்தில் மேற்சுரங்கள் துடிக்கும். பயணக் காட்சிக்கு அதைவிடப் பொருத்தம் கிடைப்பது அரிது, புதியவர்கள் கேட்பதே இல்லை. மங்கோலியாவின் ஹூமி இதன் நெருங்கிய உறவு. 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் பெண்கள் இருவர் எதிரெதிரே நின்று பாடும் கதாஜ்ஜாக், இத்தாலியின் சார்டினியாத் தீவில் நால்வர் பாடும் கான்டு ஆ தெனோரே ஆகியவை முற்றிலும் வேறு மரபுகள். கேமின் பெயர்ப் பட்டியலில் எது என்பதைச் சரியாக எழுதுங்கள்.

நீங்களே பாடிப் பார்க்க விரும்பினால்: வாயை மூடி, மெல்லத் தொண்டையைக் கனைத்து, அந்தக் கனைப்பை அப்படியே நீட்டுங்கள், கார்கிராவின் தொடக்கம் அது. சிகித்துக்கு, ‘ல்’ சொல்ல எழும் இடத்தில் நாக்கு நுனியை ஒட்டி, ஓரங்களை மேல் ஈறோடு அடைத்து, கடைவாய்ப் பக்கம் ஒரு சிறு வழி மட்டும் விட்டு, உதட்டால் ‘ஊ’-வில் இருந்து ‘ஈ’-க்கு மிக மெதுவாகப் போங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வலித்தாலும் மறுநாள் குரல் கம்மியிருந்தாலும் நிறுத்துங்கள். சில வாரத்தில் பின்னணிக்குப் போதுமான ஒலி வந்துவிடும். முன்னணிக்கு ஆளை அழைப்பதே நல்லது.

3. பாடுவதற்கு முன்னால் காகிதம்

பதிவு முடிந்தபின் கையெழுத்து வாங்குவது சங்கடமான வேலை. மைக் போடும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும். அதில் இவை தனித்தனி வரிகளாக இருக்கட்டும்: எந்தக் கேம், டிரெய்லர், ஒலித்தொகுப்பு வெளியீடு, தொடர் பாகங்கள் இவற்றுக்கும் அனுமதி உண்டா, மொத்தத் தொகையா அல்லது பங்கா, பெயர் எப்படிப் போடப்படும், மறுபதிவுக்கு எத்தனை மணி நேரம் சேர்த்தி, இந்தக் குரலைத் துண்டுகளாக்கி சாம்பிள் லைப்ரரியாக விற்கலாமா, இயந்திரக் குரல் பயிற்சிக்குக் கொடுக்கலாமா. கடைசி இரண்டுக்கும் பேசாமல் விட்டால் பின்னால் மனக்கசப்பு நிச்சயம்.

பாடும் சொற்களையும் எழுதி வாங்குங்கள், பொருளோடு. மரபில் வழிபாட்டுக்கும் ஆவியை அழைக்கவும் இருக்கும் சொற்கள் வில்லன் வரும் காட்சியில் ஒலித்தால், அந்த மொழி தெரிந்தவர்களுக்கு அது அவமதிப்பு. பொருளற்ற அசைகளோ கேம் உலகின் கற்பனை மொழியோ போதும்.

ஆளை அழைக்காமல் சாம்பிள் லைப்ரரி வாங்குபவருக்கு வேறு பொறி. பல உரிமங்கள் ‘இசைக்குள் கலந்து’ பயன்படுத்த அனுமதிக்கும், ஒலியைத் தனியாக விநியோகிக்க அனுமதிக்காது. கேமில் லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும் இசை அடுக்குகள்) தனித்தனிக் கோப்பாக உள்ளே கிடக்கும், சில நேரம் தனியாகவும் ஒலிக்கும். இது உரிமத்தில் எந்தப் பக்கம் விழும் என்று விற்பவரிடமே எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமியுங்கள். தயாராக வரும் மெட்டுத் துண்டுகளையும் தவிருங்கள். அதே துண்டை வேறொருவர் தன் பாட்டாகப் பதிவு செய்திருந்தால், உங்கள் கேமை ஒளிபரப்புபவரின் காணொளிக்கு உரிமைக் கோரல் போகும்.

4. கருவிகள்: மூன்று போதும்

பத்துக் கருவி சேர்க்க ஆசை வரும். வில்லால் இழுக்கும் ஒன்று, ஊதும் ஒன்று, அடிக்கும் ஒன்று. இவை மூன்றும் குரலும் சேர்ந்தாலே காது நிறைந்துவிடும்.

ஊதுவதற்கு மேற்சுரக் குழல் செய்யுங்கள். இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்ற கருவி. விரல் துளையே கிடையாது. 15 முதல் 18 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயை 60 சென்டிமீட்டரில் வெட்டி, ஒரு முனையில் விசில் வாய் அமையுங்கள். மறுமுனையை விரலால் மூடியும் திறந்தும், ஊதும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வாசிப்பது. திறந்திருந்தால் 293.7 ஹெர்ட்ஸின் எல்லா மடங்குகளும், மூடினால் 146.8-ன் ஒற்றைப்படை மடங்குகளும் வரும். பாடகரின் தொண்டையில் வரும் அதே வரிசை! எந்தச் சென்ட் திருத்தமும் இல்லாமல் குரலோடு ஒட்டும். கணக்குப்படி இந்தச் சுருதிக்கு 58.4 சென்டிமீட்டர், ஆனால் காற்று குழாய் முனைக்கு வெளியேயும் சற்று நீண்டு அதிர்வதால் உண்மையில் தேவைப்படும் நீளம் அதைவிடக் குறைவு. நீளமாக வெட்டி, டியூனரைப் பார்த்துக்கொண்டே அரை அரை சென்டிமீட்டராகத் தேய்த்து வாருங்கள். முதலிலேயே குட்டையாக வெட்டியவர் புதுக் குழாய்தான் தேட வேண்டும்.

வில் கருவிக்கு இரண்டு மூன்று தந்தி உள்ள இகில் (துவாவின் வில் கருவி) அல்லது டாகெல்ஹார்ப்பா (வட ஐரோப்பாவின் வில் கருவி). குதிரை மயிரைத் திரித்த தந்தி என்றால் ஒன்றுக்கு 30 முதல் 60 இழைகள். அதன் கரகரப்புக்குத்தான் இந்தக் கருவியையே தேடுகிறோம். ஈரக் காற்று பட்டால் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும், வறண்டால் ஏறும். அதனால் ஒவ்வொரு டேக்குக்கு (ஒரு முறைப் பதிவு) முன்னும் சுருதி சேர்க்க வேண்டும். மெல்லிய நைலான் இழைகளைக் கட்டாகச் சேர்த்தும் தந்தி ஆக்கலாம், ஒலி சற்றுச் சுத்தமாகிவிடும். புதுத் தந்தியில் ரோசின் (வில்லுக்குப் பூசும் பிசின்) தாராளமாகத் தேய்க்காவிட்டால் வில் வழுக்கும். ஒலியே வராததைப் பார்த்துக் கருவியில் கோளாறு என்று பிரித்துவிடாதீர்கள்.

தோல் கட்டிய சட்ட மேளம் காலையில் ஒரு சுருதி, மாலையில் ஒரு சுருதி. எல்லா அடிகளையும் ஒரே அமர்வில் பதிவு செய்யுங்கள். மோர்சிங் சேர்ப்பதாக இருந்தால் உங்கள் சுருதிக்கே வாங்குங்கள். அதைப் பிறகு பெரிதாக மாற்ற முடியாது.

5. பதிவு நாள்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மைக் வாயில் இருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர், நேரெதிரில் வைக்காமல் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி. சிகித் ஊசி போல ஒரு திசையில் பாயும். நேரே வைத்தால் சீட்டி மட்டும் குத்தும், அடிக்குரல் மெலிந்துவிடும். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் அளவு வையுங்கள், மேற்சுரம் சட்டென்று எகிறும். மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ 80 ஹெர்ட்ஸ் வடிகட்டிப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அது போட்டிருந்தால் கார்கிராவின் 73 ஹெர்ட்ஸ் மெலிந்துவிடும். கணினியிலும் கைபேசியிலும் இருக்கும் தானியங்கி இரைச்சல் நீக்கத்தையும் அணையுங்கள். ஒரே சீராக நீளும் சீட்டியை அது இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு விழுங்கும்.

பாடகரின் ஒரு காதில் மட்டும் 146.8 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (மேற்சுரமே இல்லாத ஒற்றைச் சுரம்) மெல்ல விடுங்கள். மறு காது திறந்திருக்கட்டும். கீபோர்டு பேடை விட்டால் அதன் காந்தாரம் குழப்பும். தொண்டை சூடாகும்போது சுருதி நகரும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

வாங்க வேண்டிய டேக்குகள்: மெட்டில்லாத வெறும் ஆதார சுரம் 12 முதல் 15 நொடி, ஆறு தடவை. ஒவ்வொரு மேற்சுரத்தையும் தனியாக நீட்டியது, மூன்று தடவை. நான்கைந்து சிறு மெட்டுத் துண்டுகள். தொடங்கும் மூச்சும் முடியும் மூச்சும் வெட்டாமல். அறையின் வெறும் அமைதி 30 நொடி. கார்கிராவைக் கடைசியில் வையுங்கள், இருபது நிமிடத்துக்கு மேல் தொடராதீர்கள். மூன்று மணி நேர அமர்வில் ஒரு மணி நேரம் குரல் கிடைத்தால் அது நல்ல நாள்.

6. எடிட்டில் கை வைக்கக் கூடாத இடங்கள்

சாதாரணக் குரலுக்குப் பழகிய கை இங்கே தவறாகவே போகும். சுருதித் திருத்த மென்பொருள் கார்கிராவின் பாதி அதிர்வைப் பார்த்துவிட்டு எது ஆதாரம் என்று தடுமாறி, ஒரு ஸ்தாயி மேலும் கீழும் தாவும். திருத்தியே ஆக வேண்டுமென்றால் டேக் முழுவதையும் ஒரே அளவில் நகர்த்துங்கள்.

அப்படி நகர்த்தும்போது ‘ஃபார்மன்ட் (வாயின் ஒத்ததிர்வு) பாதுகாப்பு’ என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். வழக்கமான பாட்டுக்கு அது இல்லாவிட்டால் குரல் கார்ட்டூன் போல ஆகும் என்று போட்டே வைத்திருப்போம். இங்கே மெட்டே ஃபார்மன்ட்தான். ஆதார சுரம் நகர்ந்து வாயின் ஒத்ததிர்வு மட்டும் பழைய இடத்திலேயே நின்றால், பாடகர் காட்டிய பத்தாவது மேற்சுரம் மங்கி, இரண்டு பக்கமும் அரைகுறையாக ஏதோ மின்னும். அணைத்துவிட்டால் எல்லாம் சேர்ந்து நகரும், மெட்டு பிழைக்கும். அப்போதும் இரண்டு அரைச் சுரத்தைத் தாண்டாதீர்கள்.

ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 1000 முதல் 1800 ஹெர்ட்ஸ் வரை ‘மூக்கடைத்த ஒலி’ என்று குறைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். மேற்சுர மெட்டின் பெரும்பகுதி அங்கேதான் குடியிருக்கிறது. ரிவெர்ப் நீளமாக வேண்டும் என்றால், எதிரொலி தொடங்குமுன் 30, 40 மில்லிநொடி இடைவெளி கொடுங்கள். இல்லையேல் ரியும் கவும் பவும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து மெட்டு கரைந்து போகும்.

கைபேசி ஸ்பீக்கரில் 73 ஹெர்ட்ஸ் கேட்காது. ஆனால் அதன் மேல் மடங்குகள் கேட்டால் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். கார்கிராவுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (மேல் மடங்குகளைக் கூட்டும் மெல்லிய ஒலிச் சிதைவு) சேர்த்து அந்த மடங்குகளைத் தூக்குங்கள். பேஸைக் கூட்டுவதால் பயனில்லை.

7. கேமுக்காக அடுக்குவது

கார்டு மாற்றி நகர்த்த முடியாத இசையை லேயரால் நகர்த்த வேண்டும். ஒரே நீளம், ஒரே வேகத்தில் நான்கு லேயர்: ஆதார ஒலியும் குழலும் சுற்றித் திரியும்போது, ஆபத்து நெருங்கினால் மேளம், சண்டைக்கு வில் கருவி, பெரிய எதிரி வந்தால் மட்டும் கார்கிரா. முதல் ஐந்து நிமிடத்திலேயே கார்கிராவைக் கொட்டிவிட்டால் அரக்கன் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

சிகித் சீட்டியை லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத்துண்டு) வைக்காதீர்கள். ஒரே இடத்தில் ஆடுபவர் நாற்பது நிமிடம் நின்றால் அது தலைவலி. தனிக் கோப்புகளாக ஏழெட்டுத் துண்டு வைத்து, 40 முதல் 90 நொடிக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று தானாக ஒலிக்கும்படி கேம் ஒலி மென்பொருளான எஃப்மாடிலோ வைஸிலோ அமையுங்கள். சுருதி ஒன்றே என்பதால் எந்த இடத்தில் விழுந்தாலும் சேரும். உரையாடல் வரும்போது அந்த டிராக் 4 முதல் 6 டெசிபல் தாழட்டும். பேச்சின் தெளிவும் இந்தச் சீட்டியும் ஒரே அலைவரிசைக்குப் போட்டி போடுபவை.

8. லூப் வெட்டும் கணக்கு

வேகத்தைத் தேர்வதில் ஒரு சூட்சுமம். நிமிடத்துக்கு 80 அடி என்றால் ஓர் அடி சரியாக 36,000 சாம்பிள் (48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் நொடிக்கு 48,000 ஒலி அளவீடுகள்; அவற்றில் ஒன்று ஒரு சாம்பிள்). 90 என்றால் 32,000. 77 போன்ற எண்ணில் பின்னம் மிஞ்சும், வெட்டும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்க வாய்ப்பு. 80-ல் நான்கடித் தாளம் 32 சுற்று என்றால் 96 நொடி, 46,08,000 சாம்பிள். எல்லா லேயர் கோப்பும் இந்த எண்ணில் துல்லியமாக நிற்க வேண்டும்.

ரிவெர்ப் வால் துண்டாகாமல் இருக்க, லூப்பை இரண்டு முறை தொடர்ந்து ஓடவிட்டு, இரண்டாம் சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் அதன் தொடக்கத்தில் படிந்திருக்கும். தொண்டைப் பாட்டின் நீண்ட ஆதார ஒலிக்கு, மூன்று டேக்கை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நொடி கலந்து ஒட்டுங்கள். மூச்சு எடுக்கும் இடங்கள் ஒரே நேரத்தில் விழக் கூடாது.

ஏற்றுமதி வேவ் அல்லது ஓஜிஜி. எம்பி3 வேண்டாம்: அந்த வடிவம் கோப்பின் முன்னும் பின்னும் சிறு அமைதியைச் சேர்ப்பதால் லூப் ஒவ்வொரு சுற்றிலும் விக்கும்.

9. காசும் நாளும்

பத்து நிமிட இசைக்கு ஒருவர் தனியாக வேலை பார்த்தால்: சுருதியும் ஒப்பந்தமும் ஒரு வாரம், குழல் செய்து சுருதி சேர்க்க இரண்டு நாள், வில் கருவி பழக ஒரு மாதம் (இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள், முதல் வாரத்து வில் ஒலி எதற்கும் உதவாது), பதிவு இரண்டு நாள், எடிட்டும் லேயரும் மூன்று வாரம், கேமுக்குள் போட்டுச் சரிபார்க்க இன்னொரு வாரம். கேம் குழுவிடம் இரண்டரை மாதம் கேளுங்கள்.

செலவில் பெரிய பங்கு பாடகருக்குப் போகட்டும். அடுத்தது அமைதியான அறை. விலை கூடிய மைக் மூன்றாவதுதான். தெருச் சத்தம் நுழையும் அறையில் அது தெருவைத்தான் நன்றாகப் பதிவு செய்யும். மறுபதிவுக்கென்று பாடகர் கட்டணத்தில் கால் பங்கு ஒதுக்கி வையுங்கள், கேமில் காட்சியின் நீளம் கடைசி நேரத்தில் மாறாமல் இருந்ததில்லை. அந்த மறுபதிவுக்குப் போகும்போது பழைய டேக், மைக் தூரம், அறை, சைன் ஒலியின் ஹெர்ட்ஸ் நான்கும் எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும்.